பதில் வராத ஆறு செய்திகள்

கேப்டன் ஜெசிந்தாவிடம் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட பதினோரு பேரில் பொன்னுரங்கம்தான் மூத்தவர். மாணவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆசிரியைக்கு முப்பத்து மூன்று. இருபத்தெட்டு வருஷம் சரக்குக் கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக இருந்துவிட்டு, ஆசைக்கு வந்து சேர்ந்தவர்.

தனியாகப் பறக்க அனுமதி வாங்க, அந்தப் பறக்கும் கிளப்பில் மூன்று வாய்ப்புகள்தான். இரண்டு போய்விட்டன. மூன்றாவது அன்று. பக்கத்து இருக்கையில் கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கை ஒரு முறை கன்ட்ரோலைத் தொட்டுவிட்டால் ஆசை அத்தோடு முடிந்தது.

கிளம்பிய பன்னிரண்டாவது நிமிஷம் ரேடியோ அடங்கிவிட்டது. பொன்னுரங்கம் மூன்று முறை விமான மைதானத்தின் கட்டுப்பாட்டு டவரைக் கூப்பிட்டார். இரைச்சல்கூட வரவில்லை.

"ரேடியோ போச்சு, கேப்டன். ரெண்டே நிமிஷம். என்னன்னு பாத்துடறேன்."

"பாருங்க."

குனிந்தார். ஹெட்செட் வயரைக் கழற்றி மாட்டினார். பியூஸைத் தடவினார். எத்தனை ரேடியோக்களுக்கு உயிர் கொடுத்த விரல்கள்!

"சார்," என்றார் கேப்டன். "கப்பல்ல நீங்க ரேடியோவைப் பிரிச்சுப் போட்டாலும் கப்பல் பாட்டுக்கு மிதக்கும்."

பொன்னுரங்கம் சட்டென்று நிமிர்ந்தார். இடது இறக்கை சாய்ந்திருந்தது. இருநூறு அடி இறங்கியிருந்தார்கள். கேப்டன் கட்டியிருந்த கைகளில் ஒன்று அவிழ்ந்து கன்ட்ரோலுக்கு நாலு விரற்கடை தூரத்தில் நின்றது.

இறக்கையை நேராக்கினார். இழந்த இருநூறு அடியையும் ஏறினார். அந்தக் கை பழைய இடத்துக்குப் போனது.

"இப்ப என்ன செய்யணும் கேப்டன்?"

"நான் இங்க இல்லை சார். நீங்கதான் சொல்லணும்."

"பதில் வராட்டியும் எங்க இருக்கோம், என்ன செய்யப்போறோம்னு ரெண்டு ரெண்டு தடவை சொல்லணும்னு பாடத்துல இருக்கு."

"அப்புறம் என்ன?"

"எதிர்முனை பதில் சொல்லாத செய்தியைப் போய்ச் சேர்ந்ததா நான் ஒருநாளும் எழுதினதில்லை. சுவத்துகிட்ட பேசச் சொல்றீங்க."

"பேசுங்க. சுவரு கோவிச்சுக்காது."

பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினார். வெளியே பார்த்தார். கீழே கண்மாய்க்கரை. உயரம் காட்டும் மீட்டரைப் பார்த்தார்.

"என் குரல் கேட்கிறதா தெரியவில்லை. மைதானத்துக்கு வடக்கே மூன்று மைல். உயரம் ஆயிரம் அடி. இறங்க வருகிறேன்."

குரல் நடுங்கியது. இன்னொரு முறை சொன்னார். பதில் இல்லை.

செங்கல் சூளைக்கு மேலே வந்ததும் இரண்டாவது செய்தி. மைதானத்தை நெருங்கியதும் மூன்றாவது. டவரின் கண்ணாடிக்குள்ளிருந்து சிவப்பு விளக்கு அவரைப் பார்த்து நின்றது. இறங்காதே, சுற்று என்று அர்த்தம்.

"நம்மளைத் துரத்துறாங்களா, கேப்டன்?"

கேப்டனின் கைகள் கட்டியபடியே இருந்தன. பொன்னுரங்கம் கீழே பார்த்தார். ஓடுபாதையில் வேறொரு விமானம் நின்றிருந்தது. பெட்ரோல் இன்னும் நாற்பது நிமிஷத்துக்கு இருந்தது. "இன்னொரு சுற்றுச் சுற்றுகிறேன்" என்றார் இரண்டு முறை. அது நான்காவது. திரும்பும்போது ஐந்தாவது. பாதைக்கு நேராக வந்ததும் ஆறாவது. இப்போது குரல் நடுங்கவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது. புரிந்துகொண்டதற்கு அடையாளமாக இறக்கைகளை இரண்டு பக்கமும் ஆட்டினார். சக்கரம் தரையைத் தொட்டது. லேசாக ஒரு குதி, அவ்வளவுதான்.

இன்ஜினை நிறுத்தியதும் கேப்டன் டவருக்கு போன் போட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஆறு செய்தி எழுதி வச்சிருக்காங்க சார். ஆறும் போய்ச் சேர்ந்திருக்கு. நம்ம காதுதான் அடைச்சிருக்கு, வாய் இல்லை."

பொன்னுரங்கத்தின் பறப்புப் புத்தகத்தை வாங்கி, 'தனியாகப் பறக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பொன்னுரங்கம் அதை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"ஒரு சந்தேகம், கேப்டன். ஆறுல ஒண்ணுகூடப் போய்ச் சேராம இருந்திருந்தா?"

"சேராட்டி என்ன சார்? எங்க இருக்கோம்னு ஆறு தடவை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."