முதல் ஈட்டு வடை

புன்னைப்பட்டினத்தில் குருவுக்கு வயது நாற்பத்தொன்பது. சீடருக்கு அறுபது. குரு கல்யாணச் சமையல் செய்கிறவர். சீடர் அந்த ஊரின் மேயர்.

இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. பஞ்சாலை மூடிய வருஷம் ஆறுமுகநயினார் வேலையில்லாமல் தெருவில் நின்றபோது, அவர் கையில் வாளியைக் கொடுத்துப் பரிமாறக் கற்றுக்கொடுத்தவர் வடிவம்மைதான். பதினோரு வருஷம் அவருடைய சமையல் செட்டில் இருந்தார் நயினார். இலையில் உப்பு எந்த மூலை, இனிப்பு எந்த மூலை, சாப்பிடுகிறவர் கை தயங்கி நின்றால் என்ன அர்த்தம், எல்லாம் அங்கே படித்ததுதான். அப்புறம் கவுன்சிலரானார், மேயரானார். ஆனாலும் சிக்கல் என்று வந்துவிட்டால் அவருக்குப் போக ஓர் இடம்தான் உண்டு. அது ஏதாவது ஒரு மண்டபத்தின் அடுப்படி.

அன்றைக்கு வந்திருந்த சிக்கல் பெரியது.

ஐம்பத்திரண்டு நாடுகள் கலந்துகொள்ளும் விளையாட்டுப் பெருவிழாவைத் தங்கள் ஊரில் நடத்தலாமா, வேண்டாமா என்று மாநகராட்சி மூன்று மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. வேண்டும் என்றவர்கள், சாலை வரும், ஓடுதளம் வரும், ஊர் பேர் உலகத்துக்கே தெரியும் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள், பதினைந்து நாள் கூத்து முடிந்ததும் அரங்கத்தில் ஆடுதான் மேயும் என்றார்கள். டீக்கடை பெஞ்சுகூட இரண்டு கட்சியாகிவிட்டது. மன்றத்தில் இந்தப் பக்கம் இருபத்து நாலு பேர், அந்தப் பக்கமும் இருபத்து நாலு பேர். மறுநாள் காலை பத்து மணிக்கு மேயர் போடும் வாக்குதான் முடிவு. அவர் விரும்பினால் நிபந்தனை எழுதியும் வாக்குப் போடலாம்.

நயினாருக்கு விழா வரவேண்டும் என்றுதான் ஆசை. துறைமுகச் சாலையில் தினமும் விடியற்காலையில் இரண்டு பெண்பிள்ளைகள் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடிப் பழகுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல ஓடுதளம் கிடைக்கட்டும் என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. என்ன உறுத்துகிறது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

திட்டப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மதியப் பந்தி தொடங்கும் நேரத்துக்கு வடிவம்மை சமைக்கும் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

மேயரைக் கண்டதும் பெண் வீட்டாருக்குக் கைகால் ஓடவில்லை. முதல் பந்தியில், மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் பக்கத்து இலையில் உட்காரவைத்தார்கள். நயினார் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார். அப்போது அடுப்படி வாசலில் வடிவம்மை தெரிந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, கொண்டையில் சாமான் பட்டியல் எழுதுகிற பேனா. நேராக வந்து அவர் இலைக்கு முன்னால் நின்றார்.

"எந்திரிங்கண்ணே."

"மாஸ்டர், ஒரு முக்கியமான விஷயம் கேக்கணும்னு வந்தேன்."

"கேக்கலாம். மொதல்ல எந்திரிங்க."

உட்கார்ந்த இலையிலிருந்து ஒருவரை எழுப்புவது அந்த ஊரில் செய்யக்கூடாத காரியம். பந்தியே திரும்பிப் பார்த்தது. நயினார் எழுந்தார். புத்தகத்தை அடுப்படி மேடையில் வைத்தார். அவர் கையில் சாம்பார் வாளி வந்து உட்கார்ந்தது.

"குனிஞ்சு ஊத்தணும். மறந்திரலயே?"

"மறப்பனா மாஸ்டர்?"

மறக்கவில்லைதான். இடுப்புதான் மறந்திருந்தது. மூன்றாவது இலைக்குள் வெள்ளை வேட்டியில் சாம்பார் சொட்டிவிட்டது. "மேயர் ஊத்துன சாம்பாரு, தனி ருசி" என்று யாரோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. நயினாரும் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு மனசு லேசாக இருந்தது.

வாளியை நிரப்ப உள்ளே வந்தபோது கேட்டார்.

"மாஸ்டர், விழாவ நடத்தலாமா, வேண்டாமா?"

"அந்தக் கோடியில ரசம் கேக்காங்க, பாருங்க."

வெளியே போனார். மாப்பிள்ளையின் தாய்மாமன் இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வடை ஒண்ணுதானா? எங்க பக்கமெல்லாம் ரெண்டு வைப்போம். இப்பிடின்னு தெரிஞ்சா வந்திருக்கவே மாட்டோம். எந்திரிச்சுப் போயிரட்டுமா?"

வடைத் தட்டு வைத்திருந்தவர் பயந்துபோய் நயினாரைப் பார்த்தார். நயினாரின் கை தானாகத் தட்டுப் பக்கம் போனது. அதற்குள் வடிவம்மை வந்துவிட்டார்.

"ஐயா, பாயாசம் எத்தனை தரம்னாலும் வருது. வடை இங்க எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

கைகூப்பித்தான் சொன்னார். ஆனால் தட்டு நகர்ந்துவிட்டது. தாய்மாமன் மீசைக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

நயினாருக்குச் சட்டென்று முதுகு கூசியது. பதினாலு வருஷத்துக்கு முந்தி, இதே மாதிரி ஒரு சம்பந்தி முறுக்கிக்கொண்ட பந்தியில், யாரையும் கேட்காமல் ஆளுக்கு இரண்டு வடை வைத்தவர் அவர்தான். சம்பந்தி வீட்டார் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நாலாம் பந்தியில் வடைத் தட்டு காலி. அந்தப் பந்தியில்தான் கல்யாணப் பெண்ணின் அம்மா உட்கார்ந்தாள், நாலு நாளாகக் கண்மூடாதவள். வடை இருக்கவேண்டிய இடத்துக்கு மேலே அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு நயினாரை நிமிர்ந்து பார்த்து, "பரவால்ல தம்பி" என்றாள். வடிவம்மை ஒரு வார்த்தை திட்டவில்லை. தனக்குப் போட்டிருந்த இலையைச் சோறு வாங்காமலே மடித்துவிட்டு எழுந்துபோனார். திட்டியிருந்தால் தேவலை என்று நயினார் பல நாள் நினைத்ததுண்டு. அந்த வாரத்தோடு வாளியை வைத்துவிட்டுத் தேர்தல் வேலைக்குப் போனவர்தான்.

இரண்டாம் பந்தி முடிந்தது. மூன்றாம் பந்தியும் முடிந்தது. மணி மூன்று.

"இப்ப உக்காருங்கண்ணே," என்றார் வடிவம்மை.

அது கடைசிப் பந்தி. பாத்திரம் கழுவுகிறவர்கள், காய் நறுக்கியவர்கள், பந்தல்காரர், கார் ஓட்டி வந்தவர்கள், பெண்ணைப் பெற்றவர்கள். வடிவம்மையும் நயினாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். செட்டில் மாஸ்டர் எப்போதும் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார்.

கூட்டு வந்தது, பொரியல் வந்தது. நயினார் வடைக்கான இடத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார். வடை வந்தது. ஆறித்தான் போயிருந்தது. ஆனால் எல்லா இலையிலும் வந்தது, முழுசாக வந்தது. எதிர் வரிசையில் இந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மா வடையைப் பிய்த்துப் பாயாசத்தில் தோய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாஸ்டர், நாலாம் பந்திக்கு எப்பிடி வடை மிஞ்சுச்சு?"

"மிஞ்சல. எடுத்து வச்சது."

"எப்ப?"

"காலம்பறயே. மொத ஈட்டு வடை கடைசிப் பந்திக்கு. அதத் துணியில கட்டி உள்ள வச்சப்புறந்தான் ரெண்டாவது ஈடே போடுவோம்."

"நான் இருந்தப்ப இந்த வழக்கம் கெடையாதே?"

"நீங்க ரெண்டு வடை வச்சியள்லா, அதுக்கு மறு கல்யாணத்துலேருந்து. நீங்க எனக்குக் கத்துக்குடுத்தது அண்ணே அது."

பதினாலு வருஷமாகத் தன்மேல் வருத்தத்தில் இருப்பதாக நயினார் நினைத்துக்கொண்டிருந்த மனுஷி, அவர் செய்த தப்பை இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறார். ரசம் காரம் என்பதுபோல மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"ரசத்துல நான் காரமே போடலயே," என்றார் வடிவம்மை. "சரி, இப்ப சொல்லுங்க. என்ன கேக்க வந்திய?"

நயினார் சொன்னார். அந்த இரண்டு பெண்பிள்ளைகளைப் பற்றி முதலில் சொன்னார். பிறகு அரங்கம், விருந்தாளிகள், இருபத்து நாலுக்கு இருபத்து நாலு. வடிவம்மை சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"விருந்தாளுகளுக்குத் தண்ணி?"

"அவங்க தங்குற எடத்துக்கு ராத்திரி பகல் நிக்காம வரணும்னு கேட்டிருக்காங்க."

"நமக்கு இப்ப எப்பிடி வருது?"

"நாலு நாளைக்கு ஒருக்க."

"கடைசியா எங்க வருது?"

"உப்பளத் தெருவுல. குழாய் அங்கதான் முடியுது."

"விழா அன்னைக்கு அங்க வருமா?"

நயினார் சோற்றைப் பிசைந்தார்.

"அந்தப் பதினஞ்சு நாளும் ஏதாவது மாற்று ஏற்பாடு பண்ணிக்கிடலாம்னு பேச்சு. அந்தத் தெருக்காரங்ககிட்டயும் கேக்காம இல்ல மாஸ்டர். மூணு கூட்டம் போட்டோம். ஊரே வந்து கத்துச்சு. உப்பளத் தெருவுலேருந்து ஒரு மனுக்கூட வரல. ஒருத்தரும் எதிர்ப்புச் சொல்லல."

"பரவால்லைன்னுட்டாங்களா?"

நயினாரின் கை இலைக்கு மேலே அப்படியே நின்றது.

வடிவம்மை அந்தக் கையைப் பார்த்தார். பிறகு எதிரே பெண்ணின் அம்மாவுக்குப் பாயாசம் வைக்கச் சொல்லிக் கை காட்டினார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்கள். அடுப்படி மேடையில் கிடந்த திட்டப் புத்தகத்தை வடிவம்மை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"என்ன இந்தக் கனம் கனக்கு?"

"முந்நூத்திப் பன்னெண்டு பக்கம் மாஸ்டர்."

"இதுல மொதப் பந்தி எங்க இருக்கு?"

"பாதிப் புத்தகம் அதுதான். அரங்கம், ஓட்டலு, வரவேற்பு."

"கடைசிப் பந்தி எந்தப் பக்கம்?"

நயினார் வாங்கிப் புரட்டினார். முன்னாலிருந்து புரட்டினார். பிறகு பின்னாலிருந்து புரட்டினார். ஈர விரல் பட்டுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"இல்ல மாஸ்டர்."

வடிவம்மை கழுவின கரண்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு வரி சேத்தாலும் விழாவ வேற ஊருக்குக் கொண்டு போயிருவோம்னு விழா நடத்துறவங்க எழுதியிருக்காங்க," என்றார் நயினார்.

"மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் எந்திரிச்சுப் போனாரா?"

"இல்ல. மூணு தரம் பாயாசம் வாங்குனாரு."

"பெறகென்ன?"

"மனுசன் உக்காந்துட்டாரு, சரி. இவங்க நெசமாவே போயிட்டா? அந்தப் பிள்ளைங்க லாரிக்கு ஒதுங்கித்தான ஓடணும்?"

வடிவம்மையின் கை நின்றது. அந்தக் கேள்வியை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது நயினாருக்குத் தெரிந்தது.

"ஒரு தடவ அப்பிடி ஒரு பந்தியே எந்திரிச்சுப் போயிருக்கு அண்ணே. எனக்கும் கைகால் ஒதறுச்சு."

"என்ன செஞ்சீங்க?"

"அன்னைக்கு மிச்சப் பேருக்கெல்லாம் ரெண்டு வடை."

நயினார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. துடைக்கத் துண்டைத் தேடினார். அதிலும் சாம்பார்.

வடிவம்மை கொண்டையிலிருந்து பேனாவை உருவி, தன் முந்தானையில் ஒரு தரம் துடைத்து, அவரிடம் நீட்டினார்.

"கடைசிப் பந்திக்கு ஒரு வரி எழுதிட்டுப் போங்கண்ணே. பந்தி நாளைக்குப் பத்து மணிக்குத்தான?"