விரலை விடாத பளிங்குப் பலகை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைகள்கூடச் சின்னப் பிள்ளைகளாக இருந்த சமயத்தில், வேங்கைநாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரச குடும்பத்துக்கு ஒரு வீம்பு. 'என்னால் முடியவில்லை' என்ற வார்த்தை அவர்கள் வாயில் வரவே கூடாது. நல்ல வழக்கம்தான், போங்கள்!

இதைக் கேள்விப்பட்ட ஒரு மாயாவிக்கு வாயெல்லாம் பல். அந்த வார்த்தையைச் சொன்னால் மட்டுமே அவிழும் மந்திரம் ஒன்று அவனிடம் இருந்தது. நேராக இளவரசன் சேந்தனிடம் போய் ஒரு பளிங்குப் பலகையைக் கொடுத்தான். விரலால் தொட்டால் உள்ளே குட்டி யானைகள் பிளிறின, குட்டிக் குதிரைகள் பாய்ந்தன. ஒரு கோட்டையைப் பிடித்தால் அடுத்த கோட்டை திறந்தது.

"இன்னும் ஒரே ஒரு கோட்டை," என்றான் சேந்தன். பலகை அவன் பசியைத் தின்றது.

"இன்னும் ஒரே ஒரு கோட்டை." தூக்கத்தைத் தின்றது.

"இன்னும் ஒரே ஒரு கோட்டை." நினைவைக் கொறிக்க ஆரம்பித்தது. அதுவும் தீர்ந்தால் அடுத்து ஆளையே விழுங்கிவிடும்.

தங்கை தத்தை சும்மா இருப்பாளா? பலகையை ஒளித்து வைத்தாள். அது அண்ணன் மடிக்கே திரும்பி வந்தது. உலக்கையால் உடைத்தாள். சில்லுகள் ஒட்டிக்கொண்டன. ஆற்றில் வீசினாள். அவளுக்கு முன்னால் அது அரண்மனைக்கு வந்து சேர்ந்தது.

ஒருநாள் சோற்றைப் பிசைந்து எடுத்து வந்தாள். "அண்ணா, ஒரு வாய் சாப்பிடு."

சேந்தன் நிமிர்ந்து பார்த்தான். தெரிந்த முகம். பேர் வரவில்லை. தோளில் தூக்கி வளர்த்த தங்கையின் பேர் வரவில்லை! பலகையைக் கீழே வைக்கப் பார்த்தான். விரல்கள் அசையவே இல்லை. 'நான் நினைத்தால் நிறுத்திவிடுவேன்' என்று எல்லோரிடமும் சொல்லி வந்தது பச்சைப் பொய் என்று அப்போதுதான் உறைத்தது.

"என்னால்..." வீம்பு குறுக்கே வந்தது. அதை விழுங்கினான். "என்னால் முடியவில்லை! யாராவது வாருங்களேன்!"

பலகை வெடவெடவென்று நடுங்கியது. தத்தை ஒரு விரலைப் பிரித்தாள். சமையல்காரர் ஓடி வந்து இன்னொரு விரலைப் பிரித்தார். அரண்மனை வைத்தியர் மிச்ச விரல்களை மெல்ல மெல்லப் பிரித்தார். பலகை விழுந்து வெறும் கல்லானது.

"எனக்குக் குணமாகிவிட்டதா, வைத்தியரே?"

"உடனே ஆகாது, இளவரசே. கை கொஞ்ச நாள் அரிக்கும். அரிக்கும்போது தனியாக மட்டும் இருக்காதீர்கள். கூப்பிடுங்கள்."

கூப்பிட்டான். கூப்பிட்டபோதெல்லாம் யாராவது வந்து கூடவே இருந்தார்கள். பசி திரும்பியது, தூக்கம் திரும்பியது, தத்தையின் பேரும் திரும்பியது.

மாயாவி விடுவானா? சேந்தனின் முடிசூட்டு விழாவில் இன்னும் பெரிய பலகையோடு வந்து நின்றான். "இதில் கோட்டைகளுக்கு முடிவே கிடையாது, ராஜா!"

சேந்தனுக்குக் கை அரித்தது. நன்றாகவே அரித்தது. சபை நிறைய அயல்நாட்டு மன்னர்கள். அவன் கொஞ்சமும் கூசவில்லை.

"தத்தை! கை அரிக்கிறது, சீக்கிரம் வா!" என்று தலையில் கிரீடத்தோடு கத்தினான்.

தத்தை ஓடி வந்தாள். வைத்தியர் ஓடி வந்தார். சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். மாயாவி துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று எடுத்தான் ஓட்டம்.

அரசன் சேந்தன் விருந்துக்கு உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தான். அவர்கள் அங்கே சுகம், கேட்ட நீங்களும் சுகமாக இருங்கள்.