அறுபத்து நாலு விண்மீன்கள்

மலைமேல் இருந்த அந்த வானாய்வகத்தில் குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தொன்பது.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியில் பிறந்தவர். சீடர் கோமதிநாயகத்துக்குச் சங்கரன்கோவில் பக்கம். தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருடம் கம்பி இணைத்துவிட்டு விருப்ப ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோதே அஞ்சல் வழியில் இயற்பியல் படித்து எம்.எஸ்சி. முடித்திருந்தார். பிள்ளைகள் இல்லை. மனைவி இறந்து ஒரு வருடம் ஆனதும் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு மலையேறி வந்தார். ஆராய்ச்சி மாணவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், உதவித்தொகை எதுவும் வேண்டாம் என்று கேட்டார்.

ஜெசிந்தா அவருடைய சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"காத்திருக்கத் தெரியுமா அண்ணாச்சி?"

"டிரங்க் கால் காலத்து ஆள் மேடம் நான்."

ஜெசிந்தா சிரித்துவிட்டார். அன்றே சேர்த்துக்கொண்டார்.

வேலை இதுதான். அறுபத்து நாலு விண்மீன்கள். ஒவ்வொன்றையும் ஒரு கோள் சுற்றிவருகிறது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். அந்த விண்மீனுக்குத் துணையாக இன்னொரு விண்மீன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோள் குறுக்கே போகும்போது விண்மீன் எவ்வளவு மங்குகிறது என்பதை வைத்துத்தான் கோளின் அளவைக் கணக்கிடுவார்கள்; துணையின் வெளிச்சமும் கலந்திருந்தால் மங்குவது குறைவாகத் தெரியும். துணை இருப்பது தெரியாவிட்டால் கோளைச் சிறியதாகக் கணக்கிட்டுவிடுவார்கள். ராத்திரியில் தொலைநோக்கி படம் எடுக்கும். பகலில் அந்தப் படங்களைக் கணினியில் வைத்துக்கொண்டு அணு அணுவாகப் பார்ப்பது கோமதிநாயகத்தின் பொறுப்பு.

மூன்றாவது வாரமே அவருக்கு ஒன்று அகப்பட்டது. பதினேழாவது விண்மீனுக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல, குருணை மாதிரி ஒரு வெளிச்சப் புள்ளி. கோமதிநாயகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜீப் ஓட்டுகிறவரிடம் சொன்னார், காவலாளியிடம் சொன்னார், கேன்டீனில் சொல்லிக் கேசரி கிண்ட வைத்தார். ஒரு கையில் கேசரித் தட்டும் இன்னொரு கையில் படமுமாகக் குருவின் அறைக்குப் போனார்.

ஜெசிந்தா படத்தைப் பார்த்துக்கொண்டே கேசரியைச் சாப்பிட்டார்.

"நல்லா இருக்கு" என்றார். கேசரியா, படமா என்று கோமதிநாயகத்துக்குப் புரியவில்லை.

"அப்ப கட்டுரையா எழுதிடலாமா மேடம்?"

"அடுத்த வருஷம் இதே மாசம் இன்னொரு படம் எடுப்போம்."

"இவ்வளவு பக்கத்துல இருக்கே. துணைன்னு சொல்ல இதுக்கு மேல என்ன வேணும்?"

ஜெசிந்தா காலித் தட்டை ஓரமாக வைத்தார். அன்று சனிக்கிழமை, அடிவாரத்தில் சந்தை நாள். "வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வருவோம்" என்று எழுந்தார். போகிற வழியில் வறுகடலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

சாலை வளைவில் ஒரு சிறு மதகு. அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் கீழே மலைப்பாதை முழுக்கத் தெரியும். இருவரும் உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் சந்தையிலிருந்து வரும் பேருந்து கீழே வந்து நின்றது. பதினொரு பேர் இறங்கினார்கள்.

"யாரு யாரோட வந்திருக்காங்கன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார் ஜெசிந்தா.

கோமதிநாயகம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இரண்டு பெண்கள் தோளோடு தோள் உரசியபடி சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தார்கள். அக்கா தங்கை என்றார். தலையில் மூட்டையோடு ஒருவன் முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். கடைசியாக, வெகு தூரம் பின்னால், கூடை வைத்திருந்த ஒருத்தி. அந்த இருவருக்கும் சம்பந்தமில்லை, தனித்தனி ஆட்கள் என்றார்.

ஜெசிந்தா அவர் கையில் கொஞ்சம் கடலையைக் கொட்டினார்.

பாதை பிரியும் இடம் வந்தது. தோள் உரசி நடந்த பெண்களில் ஒருத்தி இடதுபக்கம் திரும்பினாள். மற்றவள் வலதுபக்கம் போனாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்களாக இருக்க வேண்டும்.

மூட்டைக்காரன் வலதுபக்கம் திரும்பி ஏறினான். நெடுநேரம் கழித்துக் கூடைக்காரியும் வலதுபக்கமே திரும்பினாள். ஏற்றம் கடுமையாகும் இடத்தில் அவன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் பாதையைப் பார்த்தபடி நின்றான். அவள் தலை தெரிந்தது. அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மறுபடி நடந்தான். அடுத்த திருப்பத்திலும் அப்படியே நின்றான், அவள் தெரிந்ததும் அப்படியே நடந்தான். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மேலே ஒரே வாசலுக்குள் முதலில் அவனும், வெகுநேரம் கழித்து அவளும் போனார்கள்.

கோமதிநாயகம் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அடுத்த வருஷமே எடுப்போம் மேடம்."

அந்த ஒரு வருடத்தில் மலையில் மழை கொட்டித் தீர்த்தது. ஈரம் இறங்கிக் கேமராவின் கம்பிகள் பழுதானபோது, ஊரிலிருந்து ஆள் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். கோமதிநாயகம் தன் பழைய பையைத் திறந்து, அரை நாளில் இணைத்துக் கொடுத்தார். ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். தூத்துக்குடி போய்வரும்போதெல்லாம் கோமதிநாயகத்துக்கு அந்த ஊர் முந்திரி மக்ரூன் வாங்கி வருவார். ஆனால் அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொல்லி, நாளைக்கு ஒன்றுக்கு மேல் தரமாட்டார்.

அடுத்த வருடப் படம் வந்தது. பதினேழாவது விண்மீன் தன் போக்கில் மிகக் கொஞ்சம் நகர்ந்திருந்தது. குருணைப் புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. அது எங்கோ பின்னால், வெகுதொலைவில் இருக்கும் வேறொரு விண்மீன்.

கோமதிநாயகம் ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேசரிதான் வீணாப் போச்சு மேடம்."

"நான் ரெண்டு தட்டு சாப்பிட்டேன். வீணாகலை" என்றார் ஜெசிந்தா.

அதற்குப் பிறகு கோமதிநாயகம் பார்க்கும் விதம் மாறியது. விண்மீனை ஒட்டி மட்டும் தேடாமல் படத்தின் மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார். நாற்பத்தொன்றாவது விண்மீனின் படத்தில், ஓரத்தில், மங்கலாகச் சிவப்புப் புள்ளி ஒன்று இருந்தது. முதல் வருடம் அவரே அதைத் தாண்டிப் போயிருந்தார். இரண்டு வருடப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது விண்மீன் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்ததோ, அந்தப் பக்கம் அவ்வளவே அந்தப் புள்ளியும் நகர்ந்திருந்தது. மூன்றாம் வருடமும் அப்படியே. கோளை முதலில் கண்டுபிடித்த கருவிக்கு அந்த இரண்டும் சேர்ந்து ஒரே வெளிச்சமாகத்தான் தெரிந்திருக்கிறது. கணக்கைத் திருத்திப் போட்டார்கள். கோள் எல்லோரும் நினைத்ததைவிடப் பெரியதாக இருந்தது.

இந்த முறை கோமதிநாயகம் யாரிடமும் சொல்லவில்லை. ஜெசிந்தாதான் ஒரு நாள் முழுக்கச் சரிபார்த்துவிட்டு, தானே கேன்டீனுக்குப் போய்க் கேசரிக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

இப்படி ஒன்பது துணைகள் கிடைத்தன. மீதி ஐம்பத்தைந்து விண்மீன்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மூன்றாம் வருடம் தை மாதம், படியேறிக்கொண்டிருந்த கோமதிநாயகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜெசிந்தா அவரை ஜீப்பில் ஏற்றி, மடியில் தலையைத் தாங்கிக்கொண்டு, முப்பது வளைவுகளையும் இறங்கி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று டாக்டர் கேட்டபோது, யாருக்கும் இல்லை என்று கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். உள்ளே கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, கட்டில் காலடியில் தொங்கிய தாளை எடுத்து வாசித்தார். அழைத்து வந்தவர் பெயர் ஜெசிந்தா. உறவு, தங்கை.

"தப்பா எழுதியிருக்கீங்களே மேடம்."

"மூணு வருஷமா அண்ணாச்சின்னு கூப்பிடுறேன். வேற என்னன்னு எழுத?"

கோமதிநாயகம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் வேலை கேட்டு நச்சரித்தார். கணினி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஜெசிந்தா கட்டுரையின் கடைசிப் பட்டியலை மட்டும் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அறுபத்து நாலு வரிகள். துணை என்ற கட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும்.

சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது தாள் கோமதிநாயகத்தின் நெஞ்சின்மேல் கிடந்தது. ஒன்பது கட்டங்களில் விவரம் இருந்தது. ஏழு கட்டங்களில் 'தனி' என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் எழுதவில்லை.

"உடம்பு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை மேடம். ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"மூணு வருஷம் பாத்தோம். அம்பத்தஞ்சு தனின்னு தெரிஞ்சுது. தனியா இருக்கிறதைத் தனின்னு சொல்றதுக்கா இவ்வளவு தேடினோம்?"

ஜெசிந்தா தாளை எடுத்தார். பைக்குள் துழாவி ரப்பரைக் கண்டுபிடித்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தாளைத் தொடையில் வைத்து, முதல் 'தனி'யை அழித்தார். தூளை ஊதினார். அடுத்ததை அழித்தார். ஏழையும் அழித்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. பிறகு தாளையும் பென்சிலையும் அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப என்னதான் எழுத?"

"எவ்வளவு மங்கலா இருந்தா நம்ம கேமராவுக்குத் தெரியும், எவ்வளவு தூரம் வரைக்கும் பாத்தோம். அதை எழுதுங்க."

"அதுக்கு அப்பால?"

"அதுக்கு அப்பால நாம இன்னும் பாக்கலையே அண்ணாச்சி."