உத்தரத்துக்கு அடியில் ஊஞ்சல்

வேலங்குறிச்சி ஜமீன் வீட்டில் பெருக்குகிற சின்னாத்தாள், பெருக்கிய இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கினாள். கூடத்து உத்தரத்திலிருந்து மாவு மாதிரி மரத்தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. விடிந்தால் ஜமீன்தார் மகளுக்குக் கல்யாணம். ஊஞ்சல் கட்டியிருந்ததோ அதே உத்தரத்தில்.

"மரத்தை வண்டு அரிக்குதுங்க" என்று சொல்லிப் பார்த்தாள்.

அந்த மரத்தை வாங்கிப்போட்ட காரியஸ்தர் வரதப்பர் சீறினார். "பெருக்கத் துப்பில்லை, மரத்தைக் குறை சொல்றியா? காலையில தரையில பொட்டுத் தூள் கிடந்தாலும் உனக்கு வேலை இல்லை!"

தூள் தரைக்கு வராமலிருக்க, சின்னாத்தாள் உத்தரத்துக்கு அடியில் சிவப்புத் துணியை விதானம்போல இழுத்து, அதன் கயிற்றைத் தூணில் முடிந்தாள்.

காலையில் தரை பளிச்சென்று இருந்தது. "வண்டாவது, தூளாவது!" என்று வரதப்பர் விதானத்துக்கு அடியில் நின்று ஜமீன்தாரிடம் சிரித்தார். மணப்பெண் ஊஞ்சலை நோக்கி வந்துகொண்டிருந்தாள். சின்னாத்தாள் பதறிப்போய் விதானத்தின் முடிச்சை அவிழ்த்தாள். தூள் மொத்தமும் வரதப்பர் தலையில் கொட்டியது.

"பழைய தூசிங்க! மரம் நூறு வருஷம் தாங்கும்!" என்று அவர் தும்மினார்.

"அப்ப ஐயாவே முதல்ல உட்கார்ந்து ஆடிக் காட்டுங்க" என்றாள் சின்னாத்தாள்.

"உட்காரும்" என்றார் ஜமீன்தார். வரதப்பர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். ஊஞ்சலை விட்டு இரண்டடி பின்வாங்கினார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் தோட்டத்து வேப்பமரத்தில் ஊஞ்சலாடினார்கள். மறுநாள் உத்தரத்தை இறக்கிய ஆசாரி, உளியை வைத்து லேசாக அழுத்தினார். உளி பிடிவரைக்கும் உள்ளே போனது.