அறுபதுக்கு நான்கு

பாளையங்கோட்டையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் ஹெப்சிபா. ஆசிரமம் என்று எதுவும் கிடையாது. கோர்ட்டுக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீடு. பலகையில் ‘குழந்தைகள் ஆற்றுப்படுத்தும் மையம்’ என்று எழுதியிருக்கும். ஆட்டோக்காரர்களுக்கு அது ‘கவுன்சலிங் வீடு’. பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைகள் அங்கே வருவார்கள். சில பிள்ளைகள் முதல் நாளே பேசிவிடும். சில பிள்ளைகள் பத்தாவது வாரம் பேசும். அதுவரை எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பேச ஆரம்பித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே வேலை என்பது அதுதான்.

சீடர் பிரம்மநாயகம் முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவர். அண்ணன் தம்பி வரப்புச் சண்டைக்குப் போய், சங்கிலி பிடித்து அளந்து, கல் நட்டு, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். ஓய்வு பெற்றதும் தபால் வழியில் உளவியல் எம்.ஏ. படித்தார்.

“இந்த வயசுல எதுக்கு?” என்று மனைவி கேட்டாள்.

“மண்ணை அளந்தாச்சு. இனி மனுஷனை அளக்கப் போறேன்.”

“முதல்ல அரிசியை ஒழுங்கா அளந்து போடுங்க. நேத்து ரெண்டு பேருக்கு ஆறு பேர் சோறு.”

அப்படி ஹெப்சிபாவிடம் வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசுகிற வகைக் கடிதம்.

“மேற்படி மையத்தில் பணிபுரியும் ஆற்றுப்படுத்துநர் நால்வரது பணிச்சோர்வும் இணைப்பில் காணும் இருபது வினாக்களைக் கொண்டு அளவிடப்பட்டு, மிகுந்த சோர்வுற்ற ஒருவரது பெயர் இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பப்படல் வேண்டும். அன்னாருக்கு மூன்று மாத ஓய்வு வழங்கப்படும். அளவிடும் பொறுப்பு பயிற்சியாளர் திரு. பிரம்மநாயகத்தைச் சாரும்.”

ஒரு பெயர்தான். ஆனால் தப்பான பெயர் போனால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் வேறோர் ஊர் மையத்தில் அப்படிப் போயிருந்தது. ஓய்வு தேவைப்பட்டவர் நாற்காலியிலேயே இருந்துவிட்டார். ஆறு வாரம் மௌனமாக இருந்த ஒரு பிள்ளை அன்றைக்குத்தான் சொல்ல ஆரம்பித்தது. அவர் கொட்டாவி விட்டார். ஒரே ஒரு கொட்டாவி. பிள்ளை பாதியில் நிறுத்தியது. பிறகு யாரிடமும் சொல்லவில்லை. கோர்ட்டிலும் சொல்லவில்லை.

பிரம்மநாயகம் கடிதத்தோடு குருவிடம் போனார்.

“டீச்சர், சோர்வை எப்படி அளக்கது?”

“அளந்து பாத்துட்டு நீங்க எனக்குச் சொல்லுங்க அண்ணாச்சி. முதல்ல என்னையே அளங்க.”

அவர் தாளை விரித்தார்.

“கேள்வி ஒன்று. காலையில் பணிக்குப் புறப்படுகையில் தங்கள் மனம் வறண்டிருப்பதாக உணர்கிறீர்களா?”

“ஒருபோதும் இல்லை.”

“கேள்வி இரண்டு. பிறர் துயரைக் கேட்கையில் தங்களுக்கு எரிச்சல்—”

“ஒருபோதும் இல்லை. இங்க குடுங்க, நானே போட்டுருதேன்.”

பேனா மேலிருந்து கீழே ஓடியது. நான்கு நிமிஷம். இருபது கேள்வி. கேள்விக்கு மூன்று வரை மதிப்பெண்; கூடக் கூடச் சோர்வு. கூட்டிப் பார்த்தால் அறுபதுக்கு நான்கு.

“ஒன்பது மணிப் பிள்ளை வந்துட்டு,” என்று ஹெப்சிபா எழுந்து போனார்.

பிரம்மநாயகம் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பூரித்துப் போனார். பதினைந்து வருஷம் இதையெல்லாம் கேட்டும் அறுபதுக்கு நான்கு. குரு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! இன்னும் மூன்று பேர்தான். பத்தரைக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

முதலில் தங்கபுஷ்பம். இந்த ஊர்க்காரி. பிள்ளைகளுக்கான கலர் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. என்னது, பரீச்சையா? நான் எட்டாங்கிளாஸ்லயே பிட் அடிச்சு மாட்டினவ, பாத்துக்கிடுங்க.”

“மூணு கேள்விக்கு வேகமாச் சொல்லிட்டம்மா. நாலாவது. தங்களுக்கு உறக்கம்—”

“அண்ணாச்சி.”

“என்னம்மா?”

“சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கிய. ஒரு பக்கம் தொங்குது.”

குனிந்து பார்த்தார். சிரித்தார். “அவசரத்துல போட்டிருப்பேன்.”

“நேத்தும் அப்படித்தான் வந்திய.”

அவர் சிரிப்பு நின்றது.

“உங்களுக்கு உறக்கம் வருதா?” என்று புஷ்பம் கேட்டாள்.

“வருது. நடுவுல முழிச்சுக்கிடுதேன். எந்திரிச்சுப் போய்த் தாப்பாளைப் பாக்கேன். போட்டுத்தான் இருக்கு. வந்து படுக்கேன். திரும்பவும் போய்ப் பாக்கேன்.”

“என்னைக்கிலேர்ந்து?”

“திங்கக்கெழமலேர்ந்து.”

திங்கட்கிழமைதான் பிரம்மநாயகம் முதன்முதலாக ஒரு பிள்ளை பேசும்போது அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. ஒன்பது வாரம் ஹெப்சிபாவிடம் படம் மட்டும் வரைந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பேசியது. என்ன பேசியது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. பேசி முடிக்கும்வரை கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டிக்கொண்டே இருந்தது.

புஷ்பத்தின் அறையிலிருந்து வெளியே வரும்போது முக்கால் மணி நேரம் போயிருந்தது. தாளில் மூன்று கேள்விக்குத்தான் பதில் இருந்தது. பித்தான்கள் மட்டும் சரியாக இருந்தன.

அடுத்து தயாளன். ராயபுரத்துக்காரன். வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னா தலைவரே, சென்சஸா? எழுதிக்குங்க. ஆண், ஒண்ணு. முடி, கொஞ்சூண்டு. சொந்த வீடு, கெடையாது.”

“விளையாடாதீங்க தம்பி. கேள்வி ஒன்று.”

“கேளுங்க.”

இரண்டு கேள்வி ஒழுங்காகப் போனது. மூன்றாவதைப் படிக்கையில் தெருவில் ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. பிரம்மநாயகம் கேள்வியைப் பாதியில் விட்டார்.

“தலைவரே.”

“ம்.”

“அந்த வேனை ஏன் மொறச்சிக்கினே கீறீங்க? அது இன்னா பண்ணிச்சு உங்கள?”

“ஒண்ணும் பண்ணல. என் பேத்தி இந்த மாதிரி வேன்லதான் போறா.”

“சரி.”

“டிரைவர் பேரு, ஊரு, போன் நம்பர் எல்லாம் கேட்டு வாங்கிட்டேன். முந்தாநாள் வண்டி பின்னாலயே பள்ளிக்கூடம் வரைக்கும் போனேன். நேத்தும் போனேன்.”

“ஆளு எப்படி?”

“நல்ல மனுஷன். பதினாறு வருஷமா எங்க தெருவுக்கு வாரான். என் மகளையே அவன்தான் ஏத்திட்டுப் போனான்.”

“அது தெரிஞ்சுமா பின்னால போனீங்க?”

“தெரிஞ்சும்தான்.”

தயாளன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. இன்னும் ஒரு டீ சொல்லி அவர் கையில் கொடுத்தான். பிரம்மநாயகம் பேசிக்கொண்டே இருந்தார். டீ ஆறியது. தாளில் இரண்டு பதில்தான்.

மத்தியானம் பூங்கொடி. கோபிச்செட்டிபாளையத்துப் பெண். நான்கு பேரில் சின்னவள்.

“வாங்கய்யா. உக்காருங்க.”

“உக்கார நேரமில்லம்மா. கேள்வி ஒன்று.”

“சொல்றனுங்க. மொதல்ல உக்காருங்க. ஏனுங்கய்யா, சாப்புடவே இல்லீங்களாட்ட இருக்குது?”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். கேள்வி ஒன்று.”

பூங்கொடி தண்ணீரை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு எதுவுமே கேட்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரும் உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றியது. பிரம்மநாயகம் கேள்வித்தாளைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு, வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னார்.

இந்தத் தாளில் ஒரு பதில்கூட இல்லை.

மூன்றரை மணிக்கு அவர் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தலைமை அலுவலகத்துக்கான படிவத்தை எடுத்தார். பெயர் எழுதும் இடத்தில் பென்சிலால் ‘தங்கபுஷ்பம்’ என்று எழுதினார். மூன்று கேள்விக்கு மேல் போக முடியாதவள் சோர்ந்தவள்தானே? ஆனால் அவளா? அழித்தார். ‘தயாளன்’ என்று எழுதினார். வாய்க்கு வாய் ஜோக் அடிக்கிறவன் உள்ளே எதையோ மூடி வைத்திருப்பான். ஆனால் டீ வாங்கிக் கொடுத்தானே? அழித்தார். ‘பூங்கொடி’ என்று எழுதினார். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் பஞ்சாகிப் போனது. நிலமாக இருந்தால் நாலு பக்கமும் நடந்து பார்த்திருப்பார். இதில் எந்தப் பக்கம் நடப்பது?

நாலு மணிக்குத் தாள்களை அள்ளிக்கொண்டு குருவிடம் போனார்.

“டீச்சர், நான் தோத்துட்டேன்.”

“என்னாச்சு?”

“புஷ்பம் மூணு கேள்வி. தயாளன் ரெண்டு. பூங்கொடி ஒண்ணுகூட இல்ல. நீங்க ஒருத்தர்தான் இருபதும் முடிச்சிய.”

“அவங்க ஏன் முடிக்கல?”

“அதான் புரியல. கேள்வியைக் கொண்டுபோனது நான். கடைசியில உக்காந்து பதில் சொன்னதும் நான். எப்படி இப்படித் திரும்புச்சுன்னே தெரியல.”

“யார் பேரை எழுதலாம்னு இருக்கிய?”

“பூங்கொடின்னு எழுதி வச்சிருக்கேன். பேசவே மாட்டேங்கா. வறண்டு போனவதான பேசாம இருப்பா? தப்பா டீச்சர்?”

“அவகிட்ட நீங்க என்ன பேசினிய?”

பிரம்மநாயகம் சட்டைக் காலரைத் தொட்டுக்கொண்டார்.

“என் பேத்திக்கு அஞ்சு வயசு டீச்சர். புதன்கெழம பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து மடியில ஏறினா. எப்பவும் ஏறுவா. நான் சட்டுனு எந்திரிச்சுட்டேன். பிள்ளை கீழ விழுந்துட்டு. அழல. அண்ணாந்து என்னைப் பாத்தா. என் மடி டீச்சர். நான் ஏன் எந்திரிச்சேன்?”

ஹெப்சிபா தலையை ஆட்டினார்.

“மணி என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“நாலு இருபது.”

“அஞ்சுக்குள்ள அனுப்பணும்லா. தாளை இங்க குடுங்க.”

கொடுத்தார். ஹெப்சிபா முதல் தாளைப் பார்த்தார்.

“இது பாதியில நின்னதுக்கு என்ன காரணம்?”

“புஷ்பம் என் தூக்கத்தைப் பத்திக் கேட்டா.”

“இது?”

“நான் வேனை ஏன் முறைக்கேன்னு தயாளன் கேட்டான்.”

“இது?”

“பூங்கொடி கேக்கல. நான் பேசி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தா. முடிச்ச பிறகும் உக்காந்திருந்தா.”

நான்காவது தாள் ஹெப்சிபாவின் தாள். அதை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. நாலைத் தவிர எல்லாக் குறிகளும் ஒரே வரிசையில், கயிறு கட்டி நட்டதுபோல இருந்தன. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

“அண்ணாச்சி.”

“டீச்சர்.”

“இப்ப உங்க பேத்தியைப் பத்திச் சொன்னிய.”

“ஆமா.”

“சொல்லி முடிச்சதும் நான் என்ன கேட்டேன்?”

காலையிலிருந்து அவர் தேடித் திரிந்த பதில் கிடைக்கவில்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் உடனே கிடைத்தது. குனிந்து சட்டைப் பித்தான்களைப் பார்த்தார்.

“சொல்லுங்க.”

“மணி கேட்டிய டீச்சர்.”

ஹெப்சிபா படிவத்தை அவர் பக்கம் திருப்பி, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தார்.

“எழுதுங்க.”

“உங்களுக்கு அறுபதுக்கு நாலு டீச்சர். வெறும் நாலு.”

“எழுதுங்க.”

“அந்தத் திங்கக்கெழமப் பிள்ளை உங்ககிட்ட மட்டும்தான் வாயத் திறக்கு.”

“அதுக்குத்தான் எழுதச் சொல்லுதேன்.”