வாசலுக்கு நேரே ஒரு சவரக்கத்தி

பவளப்பட்டினத்து ராஜா உதியவர்மனிடம் "தங்கல் மாளிகை எப்படிப் போகிறது?" என்று யாராவது கேட்டால் போதும், அன்றைய சபை கெட்டுப்போகும். கப்பலில் வரும் வியாபாரிகள் தங்குவதற்காக ஐம்பது அறைகளோடு அவர் கட்டிய மாளிகை அது. இந்தக் காலமாக இருந்தால் நட்சத்திர ஹோட்டல் என்று பலகை மாட்டியிருப்பார்கள். திறந்து மூன்று மாதம் ஆயிற்று. இதுவரை தங்கியவை புறாக்கள் மட்டும்தான்.

இத்தனைக்கும் வாசலை அமைத்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ராஜாவின் மனை சாஸ்திரி பெருநம்பி. சீனத்துக்குக் கப்பலேறிப் போய்க் 'காற்று நீர் சாஸ்திரம்' கற்று வந்தவர். இன்று ஃபெங் சுயி என்கிறார்களே, அதேதான். கற்றது நாற்பது நாள், பேசியது ஆயுள் முழுக்க. உள்ளே வந்த அதிர்ஷ்டம் வெளியே ஓடிவிடக் கூடாதென்று கதவைச் சிறியதாக்கினார். கதவுக்கு முன்னால் குளம் வெட்டினார். குளத்தைச் சுற்றிப் பாதையை ஏழு வளைவு வளைத்தார். மூட்டை சுமந்து வந்த வியாபாரிகள் மூன்றாவது வளைவிலேயே சலித்துப்போய், கப்பலுக்கே திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

"ஏன் ஒருவரும் வரவில்லை?" என்று ராஜா ஒருநாள் கத்திவிட்டார்.

நம்பிக்கு யார் தலையிலாவது பழியைப் போட்டாக வேண்டும். அகப்பட்டவன் நாவிதன் மருதன்.

மாளிகைக்கு எதிரே, ராஜவீதி வந்து முடிகிற இடத்தில், புன்னை மரத்தடியில் மருதனின் ஓலைக் குடிசை இருந்தது. அன்று காலை அவன் முன்னால் உட்கார்ந்து முகத்தைக் கொடுத்திருந்தவர் அரசவை விகடகவி அம்பலவாணர். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் கத்தி வைக்கும் நேரம், காவலர்கள் வந்து நின்றார்கள்.

"மருதா, பொழுது சாயறதுக்குள்ள குடிசையைப் பிரிச்சிடு. உன் கத்தி மாளிகை வாசலைப் பார்த்து இருக்குதாம். அதான் உள்ள யாரும் வர்றதில்லையாம்."

மருதன் கத்தியைக் கீழே வைத்தான். "எங்கப்பன் காலத்துலேர்ந்து இங்கதான் சாமி தொழில் பண்றோம். கப்பல்ல வந்து எறங்குறவங்களுக்கு இந்த மரம்தான் அடையாளம். இத விட்டா என்னை யாரு தேடி வருவாங்க? வீட்ல அடுப்பு எரியாது சாமி."

 அம்பலவாணர் கட்டியிருந்த துணியை உதறிவிட்டு எழுந்து, பாதி தாடியோடு நேரே சபைக்குப் போனார்.

ராஜா பார்த்ததும் சிரித்துவிட்டார். "என்ன கோலம் இது?"

"உங்கள் ஆணை பாதி சவரத்தில் வந்தது மன்னா. மருதன் ராஜவிசுவாசி, அப்படியே கத்தியைக் கீழே வைத்துவிட்டான். அது கிடக்கட்டும். நம்பியாரிடம் எனக்கொரு சந்தேகம்."

நம்பி மீசையைத் தடவினார். "கேளும்."

"ஒரு சாண் கத்தி வாசலைப் பார்த்தாலே இவ்வளவு கெடுதலா?"

"பின்னே? கூர்மையான எதுவும் வாசலுக்கு நேரே நிற்கக் கூடாது. அதிலிருந்து விஷ அம்பு புறப்படும்."

"இன்னும் பெரிய கூர்மை என்றால்?"

"பெரிய அம்பு! அதுவும் நேர்கோட்டில் தூரத்திலிருந்து வந்தால் கேட்கவே வேண்டாம். அதற்காகத்தான் வாசல் மேல் வெண்கலக் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். வந்த கெடுதலை வந்த இடத்துக்கே திருப்பி அடிக்கும்."

"அப்படியானால் கண்ணாடி போதுமே?"

"போதாது. அம்பு விடுகிற பொருளையே பெயர்த்து எறிய வேண்டும். அதுதான் சாஸ்திரம்."

"ஏழை வீடு, பணக்காரர் வீடு என்று சலுகை உண்டா?"

"காற்றுக்கு ஏதய்யா பாரபட்சம்!" என்றார் நம்பி. சபை கைதட்டியது. கைதட்டியவர்களில் அம்பலவாணரும் ஒருவர்.

"மன்னா, இடிப்பதற்கு முன்னால் வாசலில் நின்று ஒருமுறை பார்த்துவிடுவோம். இன்னும் ஏதாவது கூர்மை இருந்தால் சேர்த்தே இடித்துவிடலாம்."

ராஜாவுக்கும் அது சரியாகப் பட்டது. எல்லோரும் கிளம்பிப் போனார்கள். குளத்தைச் சுற்றி ஐந்தாவது வளைவில் ராஜாவுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் எவ்வளவு தூரம்?"

"அதிர்ஷ்டம் வளைந்து வளைந்துதான் வரும் மன்னா," என்றார் நம்பி.

"அதற்குக் கால் வலிக்காது. வியாபாரிகளுக்கு வலிக்கிறது," என்றார் அம்பலவாணர்.

ஒருவழியாக வாசலுக்கு வந்தார்கள். எதிரே மருதனின் குடிசை. குடிசை வாசலில் மருதன் கைகட்டி, தலை குனிந்து நின்றான்.

"குடிசைக் கூரைக்கு மேலே பாருங்கள் மன்னா," என்றார் அம்பலவாணர்.

ராஜா நிமிர்ந்து பார்த்தார். கூரைக்கு மேலே, அம்பு விட்டதுபோல நேராகப் போன ராஜவீதியின் மறுகோடியில், வெயிலில் மின்னியது அவருடைய அரண்மனைக் கோபுரம். உச்சியில் ஆளுயர வேல். வாசலுக்குக் குறி வைத்த மாதிரி நேருக்கு நேர்.

ராஜா மெல்லத் திரும்பி வாசலுக்கு மேலே பார்த்தார். நம்பி மாட்டிய வெண்கலக் கண்ணாடியிலும் அதே கோபுரம் தெரிந்தது.

"ஓய் நம்பி, இந்தக் கண்ணாடி கெடுதலை எங்கே திருப்பி அடிக்கும் என்றீர்?"

"வந்த... வந்த இடத்துக்கு..."

"அதனால்தான் மூன்று மாதமாக எனக்கு முதுகுவலியா?"

"எனக்குச் சாஸ்திரம் தெரியாது மன்னா," என்றார் அம்பலவாணர் பணிவாக. "ஆனால் பாரபட்சம் கிடையாது என்று நம்பியார் சபையிலேயே சொன்னார். பெரிய கூர்மையிலிருந்து தொடங்கினால் இடிக்கிற ஆட்களுக்கும் சுலபம். மருதன் குடிசைக்கு நாளைக்கு வரலாம்."

ராஜாவின் கை இடுப்பு வாளுக்குப் போனது. "சொல்லும் நம்பி. உம் சாஸ்திரப்படி இப்போது எதைப் பெயர்க்க வேண்டும்?"

நம்பி மேல்துண்டால் நெற்றியைத் துடைத்தார். கோபுரத்தைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், குடிசையைப் பார்த்தார். சட்டென்று அவர் முகம் தெளிந்தது.

"ஒன்றையும் பெயர்க்கக் கூடாது மன்னா! இந்தக் குடிசை மாளிகைக்குக் கவசமல்லவா? வேலின் பார்வையைத் தடுப்பதற்கென்றே காற்றும் நீரும் சேர்ந்து இங்கே நிறுத்தியிருக்கின்றன. என்ன, ஒரே ஒரு குறைதான்."

"என்ன குறை?"

"குடிசை உயரம் போதாது. அரண்மனைச் செலவில் மாடி எடுத்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்."