ஒரு நாளைக்கு மூன்று தாள்

தூத்துக்குடியில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் சேர்மராஜ் என்பவர் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்திவந்தார். அவருக்கு வயது இருபத்தொன்பது. அவரிடம் படித்தவர்களில் மூத்தவள் அமலோற்பவம். நாற்பத்து நான்கு முடியப்போகிறது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் வேலை.

அவள் சேர நினைத்த கல்லூரியில் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அதனால் அவளுக்கு ஒரே ஒரு தேர்வுதான். அதற்கு ஐந்து மாதம் இருந்தது.

வந்த அன்றே கேட்டாள். "சார், ஒரு நாளைக்கு எத்தனை மாதிரித் தாள் எழுதணும்?"

"வாரத்துக்கு ஒண்ணு."

"வாரத்துக்கா?"

"ஞாயித்துக்கிழமை ஒரு தாள் எழுதுங்கக்கா. மத்த ஆறு நாளும் அதுல எது தப்பு, ஏன் தப்புன்னு பாருங்க. முதல் ரெண்டு மாசம் கடிகாரமே வேண்டாம். வேகம் பிறகு வரும்."

அவள் தலையாட்டினாள். இருபது வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்வதையே தனக்கும் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவர்களுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கிறது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடையில் பழைய தாள்களை மொத்தமாக எடுத்துக்கொண்டாள். காலையில் முதல் மணி அடிக்குமுன் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாதி, சாயங்காலம் மீதி. செல்போனில் நேரம் வைத்து எழுதினாள். முடிந்ததும் மார்க்கை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். பல நாள் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

முதல் மாதத்தில் நூற்றிருபதுக்கு ஐம்பத்தெட்டிலிருந்து எண்பத்தொன்றுக்கு ஏறினாள். அதற்குமேல் நகரவில்லை. நாளைக்கு மூன்று தாள் ஆக்கினாள். எழுபத்தாறுக்கு இறங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்மராஜ் அவளுடைய பையை வாங்கிப் பார்த்தார். எழுதிய தாள்கள் ஒரு பக்கம், எழுதாதவை ஒரு பக்கம். எழுதாத கட்டைத் தன் மேசையில் வைத்துக்கொண்டு, எழுதியதில் அடியிலிருந்து ஒரு தாளை உருவி அவளிடம் நீட்டினார்.

"இந்த வாரம் இது."

"இது எழுதினதுதானே சார்?"

"ஆமா. அதுல அறுபத்திரண்டு தப்பு இருக்கு."

பிள்ளைகள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சுட்டது. தாளை வாங்கி மடித்துக்கொண்டாள். மறுநாள் ஜெராக்ஸ் கடையில் புதுக் கட்டு எடுத்தாள்.

தேர்வு முடிந்தது. அந்த வருஷம் முடிவு சீக்கிரமே வந்தது. அவளுக்கு இரண்டு மார்க்கில் இடம் போயிற்று.

அன்று சாயங்காலம் மாடி ஏறி வந்தாள். வகுப்பு கலைந்திருந்தது. சேர்மராஜ் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

"நான் உழைக்கலன்னு சொல்லுதீங்களா சார்?"

"நான் எதுவும் சொல்லலியேக்கா. உட்காருங்க."

"முந்நூறு தாளுக்கு மேல எழுதியிருக்கேன். உங்ககிட்ட படிச்சதுல எவனாவது எழுதியிருக்கானா?"

"இல்ல. வினாத்தாள் கொண்டாந்திருக்கீங்களா?"

தன் விடைகளைக் குறித்துவைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தாள். அவர் விடைக்குறிப்போடு ஒத்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியில் விரலை வைத்தார். "இதைச் சத்தமா வாசிங்க."

"இந்த ஒப்பந்தம் செல்லாது என்ற முடிவுக்கு..." நின்றாள். மறுபடி வாசித்தாள். "முடிவுக்கு உதவாத கூற்று எது?"

"அன்னிக்கு எப்படி வாசிச்சீங்க?"

"உதவும்னு வாசிச்சிட்டேன்."

அவர் இன்னும் இரண்டு கேள்விகளைக் காட்டினார். ஒன்றில் 'தவிர'. இன்னொன்றில் 'பொருந்தாதது'. இரண்டையும் அவள் தாண்டிப் போயிருந்தாள்.

"ஒரு வார்த்தைதானே சார்!" அவள் குரல் உடைந்தது. "வாசிக்கத் தெரியாமலா? நேரம் இல்லாமத்தான ஓடினேன்? ஒரு வார்த்தைக்காக எல்லாம் போச்சா?"

சேர்மராஜ் தாளை மடித்தார்.

"அக்கா, நீங்க ஏன் சட்டம் படிக்கணும்னு வந்தீங்க? நான் இதுவரை கேட்டதே இல்ல."

அவள் அழிந்த பலகையைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் உரக் கிடங்குல மூட்டை சரிஞ்சு செத்தாரு. நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டோம். அவர் எங்க ஆளே இல்ல, காண்ட்ராக்ட் ஆளுன்னு கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க. அவரை வேலைக்கு எடுத்த உத்தரவு நான் வக்கீல்கிட்ட குடுத்த காகிதத்துக்குள்ளயே இருந்துச்சு சார். வக்கீல் அதை வாசிக்கல. என் கண்ணு முன்னால நாலு பக்கத்தையும் சேத்துத் தள்ளிட்டு, இதுல ஒண்ணும் இல்லையேம்மான்னாரு. கேஸ் தள்ளுபடி ஆயிட்டு. அன்னிக்கு நினைச்சேன், நானே படிச்சு, என்னை மாதிரி வாரவங்களோட காகிதத்தை ஒரு வரி விடாம வாசிக்கணும்னு."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க சார். ஒரு பொம்பளை வாழ்க்கை அதுக்குள்ள இருக்கு. வாசிக்காமத் தள்ள எப்படி மனசு வரும் ஒரு மனுசனுக்கு?"

சேர்மராஜ் மடித்த வினாத்தாளை அவள் கையில் கொடுத்தார்.

"அவருக்கும் அன்னிக்கு நேரம் இல்லாம இருந்திருக்கும், அக்கா."